கேஸ் டேங்க்கை இப்பவே மாத்தணுமா? ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீட்டுச் செலவு பத்தி எழுதறப்போ, அமெரிக்கால ஒரு வீடு செலவழிக்கற எனர்ஜில ஏறக்குறைய 18 சதவீதம் தண்ணி சூடு பண்றதுக்கே போகுது, அடுத்த தடவை டேங்க் மாத்தறப்போ ஹீட் பம்ப் வகையையும் (காத்துல இருக்கற சூட்டை எடுத்துத் தண்ணிக்கு ஏத்தற கரண்ட் டேங்க்) ஒரு பார்வை பாருங்கன்னு போற போக்குல ரெண்டு வரி போட்டிருந்தேன். அவ்ளோதான், இன்பாக்ஸ் ரொம்பிடுச்சு. தனி வீட்ல இருக்கறவங்க கேட்டதை மட்டும் இந்தத் தடவை எடுத்திருக்கேன். காண்டோ, அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க கோச்சுக்காதீங்க, உங்க ஹெச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) பஞ்சாயத்துக்குத் தனியா ஒரு இதழே வேணும்.

அண்ணா, பே ஏரியால 2027 ஜனவரிலேர்ந்து கேஸ் வாட்டர் ஹீட்டர் வச்சிருந்தா ஃபைன் போடுவாங்கன்னு எங்க வாட்ஸாப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்துது. எங்க டேங்க்குக்கு 9 வயசு, நல்லாத்தான் ஓடுது. இப்பவே கழட்டிப் போடணுமா?
— வாசகர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

கழட்ட வேணாம் தம்பி, ஃபைனும் கிடையாது. நடந்தது என்னன்னா, பே ஏரியா ஏர் டிஸ்ட்ரிக்ட், அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ சுத்து வட்டாரத்துல காத்து மாசைக் கட்டுப்படுத்தற அமைப்பு, 2023 மார்ச்ல ஒரு விதி பாஸ் பண்ணாங்க. வீட்டுல வைக்கிற சின்ன வாட்டர் ஹீட்டர், அதாவது மணிக்கு 75,000 பிடியூக்கு (சூட்டை அளக்கற அலகு) உட்பட்டது, 2027 ஜனவரி 1லேர்ந்து புதுசா விக்கறதும் மாட்டறதும் நைட்ரஜன் ஆக்சைடு புகையே விடாத வகையா இருக்கணும்ங்கறதுதான் விஷயம். சாதாரண கேஸ் டேங்க் அந்தப் புகையை விடும், அதனால நடைமுறைல கேஸ் டேங்க் விற்பனைக்குத்தான் முற்றுப்புள்ளி. ஏற்கனவே வீட்ல ஓடிட்டிருக்கறதை யாரும் வந்து பிடுங்க மாட்டாங்க, ரிப்பேர் பண்ணியும் ஓட்டலாம். இந்த விதில தளர்வு, விலக்கு கொடுக்கறது பத்தின பேச்சும் ஓடிட்டிருக்கு, அதனால வாங்கப் போற சமயத்துல தேதியை ஒரு தடவை டிஸ்ட்ரிக்ட் சைட்ல சரி பாத்துக்குங்க. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சவுத் கோஸ்ட் ஏர் டிஸ்ட்ரிக்ட்ல இதோட ஒன்னு விட்ட தம்பி மாதிரி ஒரு விதி வந்துச்சு, அது தடை கூட இல்ல, கம்பெனிகளுக்கு விற்பனை இலக்கு மட்டும்தான், அதையே 2025 ஜூன்ல 7க்கு 5ங்கற ஓட்டுல நிராகரிச்சுட்டாங்க. ஆக ஒரே மாநிலத்துல ஊருக்கு ஒரு சட்டம். இர்வைன்ல இருக்கற மச்சான் சொல்றதைக் கேட்டு ஃப்ரீமாண்ட்ல முடிவெடுக்காதீங்க.

ஆனா உங்க கேள்வில நீங்க கேக்காத ஒன்னு இருக்கு, அதுதான் முக்கியம். 9 வயசுன்னு சொல்றீங்க. டேங்க் வகை ஹீட்டர் பொதுவா 10லேர்ந்து 15 வருஷம் வரும். அது சாகறப்போ நோட்டீஸ் கொடுத்துட்டு சாகாது, ஒரு நாள் காலைல கராஜ் தரையெல்லாம் தண்ணியா இருக்கும், வீட்ல குழந்தை குளிக்கணும், நீங்க பிளம்பருக்கு போன் போடுவீங்க, அவர் வேன்ல என்ன இருக்கோ அதைத்தான் மாட்டிட்டுப் போவார். ஹீட் பம்ப் மாட்டணும்னா 240 வோல்ட், 30 ஆம்ப் லைன் வேணும், ஒழுகற தண்ணி போக வழி வேணும், பெர்மிட் வேணும், இதெல்லாம் ஒரே மத்தியானத்துல நடக்காது. அதனால டேங்க் நல்லா இருக்கறப்பவே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எலக்ட்ரிக் பேனல்லேர்ந்து டேங்க் இருக்கற இடத்துக்கு லைன் இழுத்து வச்சுடுங்க. மெஷினை அப்புறம் வாங்கிக்கலாம். இந்த இதழ்ல யார் என்ன கேட்டிருந்தாலும் என்னோட முதல் பதில் இதுதான், ஒயர் முதல்ல, மெஷின் பின்னால.

எங்க வீட்ல டேங்க் பேஸ்மென்ட்ல இருக்கு. காத்துலேர்ந்து சூடு எடுக்கும்னு சொல்றீங்க, ஜனவரில எங்க பேஸ்மென்ட்ல எனக்கே சூடு இல்லையே, அதுக்கு எங்கேர்ந்து கிடைக்கும்?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

நல்ல கேள்வி. நம்ம கைக்கு சில்லுனு தெரியற காத்துலயும் சூடு இருக்கு, உள்ள ஓடற ரெஃப்ரிஜிரண்ட் அதை விட குளிர்ச்சியா இருந்தா சூடு தானா அதுக்குள்ள போயிடும். ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கற சூட்டை எடுத்துப் பின்பக்கமா வெளில தள்ளுது இல்லையா, அதைத் திருப்பிப் போட்டதுதான் இது. மேல ஒரு ஃபேன் ரூம் காத்தை இழுக்கும், ரெஃப்ரிஜிரண்ட் அந்த சூட்டை வாங்கிக்கும், கம்ப்ரெஸர் அதை அழுத்தி இன்னும் சூடாக்கும், டேங்க்கைச் சுத்தி இருக்கற காயில் வழியா தண்ணிக்குப் போகும். கரண்ட் சூட்டை உண்டு பண்றதில்ல, சூட்டை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தறதுக்குத்தான் செலவாகுது. அதனாலதான் ஒரு யூனிட் கரண்ட் போட்டா மூணு யூனிட் அளவு சூடு கிடைக்குது. லேபிள்ல யூஇஎஃப்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, போடற எனர்ஜிக்கு எத்தனை மடங்கு சூடு தண்ணிக்குக் கிடைக்குதுங்கறதுதான் அது, சாதாரண எலக்ட்ரிக் டேங்க்குக்கு 0.92 பக்கம், சாதாரண கேஸ் டேங்க்குக்கு 0.6 சொச்சம், இதுக்கு 3.3லேர்ந்து 4 வரைக்கும்.

உங்க பேஸ்மென்ட் ஜனவரிலயும் 50 டிகிரிக்குக் (இங்க எல்லாமே ஃபாரன்ஹீட்) கீழ போகாதுன்னா தாராளமா ஓடும், கொஞ்சம் மெதுவா ஓடும் அவ்ளோதான். எனர்ஜி டிபார்ட்மெண்ட் சொல்ற கணக்கு, வருஷம் பூரா 40லேர்ந்து 90 டிகிரிக்குள்ள இருக்கற இடம், குறைஞ்சது 1,000 கன அடி காத்து. பத்துக்குப் பத்து ரூம்ல பத்தடி உயரம்னா 1,000 ஆச்சு, பேஸ்மென்ட்ல இது ஒரு பிரச்சனையே இல்ல. ஓடறப்போ அந்த இடத்தைக் கொஞ்சம் குளிர வைக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். ஜூலைல நியூ ஜெர்சி பேஸ்மென்ட் வாசனை எனக்குத் தெரியும், அங்க அரிசி மூட்டை வச்சிருக்கறவங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும், அந்த ஈரப்பதத்துக்கு இது நல்ல மருந்து. அதுக்காக டீஹ்யூமிடிஃபையரை வித்துடாதீங்க, தண்ணி சூடு பண்ற நேரம் மட்டும்தான் இது ஈரம் உறிஞ்சும்.

அதே சமயம் ஒரு உண்மையையும் சொல்லணும், பேஸ்மென்ட்டை நீங்க ஃபர்னஸ் போட்டு சூடாக்கி உக்காந்து படம் பாக்கற ரூமா மாத்தி வச்சிருந்தீங்கன்னா, குளிர்காலத்துல இந்த மெஷின் ஃபர்னஸ் போட்ட சூட்டைத்தான் திருடும். அப்ப லாபம் கொஞ்சம் குறையும்.

எங்ககிட்ட இருக்கறது 12 வருஷ பழைய எலக்ட்ரிக் டேங்க், கராஜ்ல இருக்கு. கேஸ் கனெக்‌ஷனே கிடையாது. நாலு பேர். மாத்தினா உண்மையிலேயே எவ்ளோ மிச்சம் ஆகும் சார், கம்பெனி விளம்பரக் கணக்கு வேணாம்.
— வாசகர், கேரி, நார்த் கரோலினா

சார், இந்த இதழ்ல எழுதினவங்கள்ல யோசிக்காம மாத்த வேண்டிய ஆள் நீங்கதான். கணக்கை நீங்களே போட்டுப் பாக்கற மாதிரி சொல்றேன்.

நாலு பேர் ஒரு நாளைக்கு 50 கேலன் சுடுதண்ணி செலவழிக்கறாங்கன்னு வச்சுக்குவோம். 60 டிகிரில வர்ற தண்ணியை 120க்கு ஏத்தணும். ஒரு கேலன் 8.34 பவுண்டு, ஒரு பவுண்டு தண்ணியை ஒரு டிகிரி ஏத்த ஒரு பிடியூ, ஆக 50 கேலனுக்கு 25,000 பிடியூ, கரண்ட் கணக்குல சொன்னா 7.3 யூனிட். உங்க பழைய டேங்க் அதுக்கு ஒரு நாளைக்கு 8 யூனிட் இழுக்கும், வருஷத்துக்கு 2,900 சொச்சம். ஹீட் பம்ப்னா லேபிள்ல 3.5 போட்டிருந்தாலும் நம்ம வீட்ல 3 தான் கிடைக்குதுன்னு கையைக் கட்டிக்கிட்டே கணக்குப் போட்டா 2.4 யூனிட், வருஷத்துக்கு 890. யூனிட் 14 சென்ட்னு வச்சா 409 டாலர் எங்க, 125 டாலர் எங்க. வருஷத்துக்கு 280 டாலர் கைல நிக்குது. 30 ஆம்ப் லைன் ஏற்கனவே இருக்கு, அதே லைன்லயே மாட்டிடலாம், அதனால ஒயரிங் செலவும் இல்ல. சாதாரண டேங்க்குக்கும் இதுக்கும் விலை வித்தியாசம் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு டாலர்னு பாத்தா அஞ்சரை வருஷத்துக்குள்ள போட்ட காசு வந்துடும், யுடிலிட்டி ரிபேட் ஏதாவது கொடுத்தா இன்னும் சீக்கிரம்.

இன்னொன்னு, 2024ல எனர்ஜி டிபார்ட்மெண்ட் அறிவிச்ச விதிப்படி 2029 மே மாசத்துக்கு அப்புறம் தயாரிக்கற பெரும்பாலான எலக்ட்ரிக் டேங்க்குகள் ஹீட் பம்ப் வகையாத்தான் இருக்கணும். வாஷிங்டன்ல ஆள் மாறினா விதி மாறலாம், அது நம்ம கைல இல்ல. ஆனா மேல போட்ட கணக்குல எந்த அரசாங்கமும் வரலை பாருங்க. 12 வருஷ டேங்க்கை இனிமே நம்பாதீங்க.

கேஸ் டேங்க்கை மாத்த 8,000 டாலருக்கு மேல கொட்டேஷன் கொடுத்திருக்கார் ஒரு காண்ட்ராக்டர். இன்னொருத்தர் வந்து "ஹீட் பம்ப்லாம் வேணாம் சார், கேஸ் டேங்க்லெஸ் (டேங்க் இல்லாம, ஓடற தண்ணியை அப்பப்போ சூடாக்கறது) போடுங்க, முடிவே இல்லாம சுடுதண்ணி வரும்"ங்கறார். எங்க வீட்ல மேல சோலார் இருக்கு. பில் குறையுமா குறையாதா, அதை மட்டும் சொல்லுங்க.
— வாசகர், சன்னிவேல், கலிஃபோர்னியா

கேரி வாசகருக்குப் போட்ட அதே 50 கேலன் கணக்கை உங்களுக்கும் போடுவோம். கேஸ் டேங்க்ல வருஷத்துக்கு 152 தெர்ம் (கேஸ் பில்ல வர்ற அளவு, ஒரு லட்சம் பிடியூ) ஆகும், தெர்ம் 2.40 டாலர்னா 365 டாலர். ஹீட் பம்ப்னா அதே 890 யூனிட், ஆனா உங்க ஊர்ல யூனிட் 36 சென்ட்னு வச்சா 320 டாலர். வருஷத்துக்கு மிச்சம் 45 டாலர். 8,000 டாலர் போட்டு 45 டாலர் மிச்சம் பிடிக்கறதுன்னா பேரன் காலத்துல கூட காசு திரும்பாது. கரண்ட்டை இந்த விலைக்கு வித்துக்கிட்டே கேஸை விட்டுட்டு வாங்கன்னு கூப்பிடறது கலிஃபோர்னியாக்காரங்களோட தனித் திறமை, அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பத்தி முடியாது.

ஆனா நீங்க சோலார்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க, அங்கதான் கணக்கு திரும்புது. 2023 ஏப்ரல் 15லேர்ந்து அப்ளை பண்ணின சோலார்னா, மத்தியானம் மிச்சமாகற கரண்ட்டை கிரிட்டுக்குக் கொடுத்தா சில சென்ட்தான் கைக்கு வரும், சாயங்காலம் அதே கரண்ட்டைப் பல மடங்கு விலைக்கு வாங்கறீங்க. இந்த டேங்க்ல டைமர் இருக்கு, காலை 10லேர்ந்து 3 மணிக்குள்ள சூடு பண்ணி வச்சுக்கன்னு செட் பண்ணிட்டா, சில சென்ட்டுக்குப் போக வேண்டிய கரண்ட் சுடுதண்ணியா டேங்க்குல உக்காந்துக்கும். அப்ப வருஷச் செலவு 320லேர்ந்து அம்பது, அறுபது டாலருக்கு வந்துடும். மிச்சம் 300 சொச்சம். கொடுக்கற கரண்ட்டுக்கு கிட்டத்தட்ட வாங்கற விலையே கிடைக்கற பழைய நெட் மீட்டரிங்ல இருக்கறவங்களுக்கு இந்த டைமர் வித்தை அவ்ளோ வேலை செய்யாது.

அடுத்தது அந்த 8,000. ஃபெடரல் டாக்ஸ் கிரெடிட், 30 சதவீதம் அதிகபட்சம் 2,000 டாலர்னு இருந்துச்சே, அது 2025 டிசம்பர் 31ஓட முடிஞ்சு போச்சு, இன்னும் அதைச் சொல்லி விக்கறவர் வந்தா கதவைச் சாத்துங்க. மாநில ரிபேட் இருக்கு, ஆனா அது ஃபண்ட் இருக்கற வரைக்கும்தான், தீந்துடும், அப்புறம் திரும்ப வரும். வருமானத்தைப் பொறுத்து 1,750 டாலர் வரைக்கும் கொடுக்கற ஃபெடரல் நிதி திட்டமும் மாநிலம் வழியாத்தான் வந்துச்சு, அதுல இப்ப ஃபண்ட் மிச்சம் இருக்கான்னு பாத்துக்குங்க. உங்க ஊருக்கு கரண்ட் வாங்கித் தர்ற சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜியும் ரிபேட் கொடுத்துட்டு வந்திருக்காங்க, முதல்ல அவங்க சைட்டைப் பாருங்க. குறைஞ்சது மூணு கொட்டேஷன் வாங்குங்க, அதுல மெஷின் விலை, பிளம்பிங், எலக்ட்ரிக்கல், பெர்மிட் நாலையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. ஒரே மொத்த நம்பரா எழுதித் தர்றவர், இந்த வேலையே வேணாம்னு விலையை ஏத்திச் சொல்றவரா இருக்கலாம். ஹீட் பம்ப் பழக்கமில்லாத பிளம்பர் அப்படித்தான் பண்ணுவார், தப்பு சொல்ல முடியாது, தெரியாத வேலைக்கு யாரும் கூட்டித்தான் கேப்பாங்க.

டேங்க்லெஸ் சொன்னவர் பொய் சொல்லலை, முடிவில்லாம வரும் உண்மைதான். ஆனா அதுக்கு கேஸ் பைப்பைப் பெருசாக்கணும், புது வென்ட் போடணும், அதுவும் சும்மா வராது. பே ஏரியா விதில அந்தப் பெரிய சைஸ் ஹீட்டருக்கு 2031னு தேதி போட்டிருக்காங்க. நான் உங்க இடத்துல இருந்தா கூரை மேல சோலாரை வச்சுக்கிட்டு புதுசா கேஸ் மெஷின்ல காசு போட மாட்டேன்.

தீபாவளிக்கு எங்க வீட்ல ஆறு பேர், ஊர்லேர்ந்து மாமனார் மாமியாரும் வந்திருக்காங்க. எல்லாரும் விடியக்காலைல எண்ணெய் தேச்சுக் குளிக்கணும். ஹீட் பம்ப் மெதுவாத்தான் சூடு பண்ணும்னு சொல்றாங்களே, நாலாவது ஆள் பச்சைத் தண்ணில நிப்பாரா?
— வாசகி, பெல்வியூ, வாஷிங்டன்

நிக்கறது மாப்பிள்ளையா இருந்தா பரவால்லன்னு விட்டுடலாம், மாமனாரா இருந்தா பிரச்சனை. மெதுவாங்கறது உண்மை. கேஸ் பர்னர் மணிக்கு 40,000 பிடியூ வேகத்துல எரியும், ஒரு 50 கேலன் டேங்க்கை ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்ப சூடாக்கிடும். ஹீட் பம்ப் மட்டும் ஓடினா அதுக்கு அஞ்சாறு மணி நேரம் ஆகும். இதுக்குத்தான் உள்ளயே பழைய மாதிரி ஹீட்டிங் எலிமெண்ட்டும் வச்சு ஹைப்ரிட்னு பேர் போட்டிருக்காங்க. அவசரம்னா எலிமெண்ட்டும் கூட வரும், அது கொடுக்கற அதே சூட்டுக்கு கரண்ட் மூணு மடங்கு செலவாகும், அது வருஷத்துல ஒரு நாள், போகட்டும்.

உங்க வீட்டுக்கு சைஸ்தான் முக்கியம். கேஸ் 40 கேலன் இருந்த இடத்துல ஹீட் பம்ப் 50 போடறது வழக்கம், ஆறு பேர்னா 65, இடமும் காசும் இருந்தா 80. ஷவர்ல ஆளுக்கு பத்து நிமிஷம், நிமிஷத்துக்கு ரெண்டு கேலன்னா ஆளுக்கு 20 கேலன், அதுல சுடுதண்ணி மட்டும் 14, 15 கேலன் இருக்கும், ஆறு பேருக்கு கிட்டத்தட்ட 87. 80 கேலன் டேங்க்ல ஹை டிமாண்ட் மோடை (எலிமெண்ட்டும் சேந்து ஓடறது) முந்தின நாள் ராத்திரியே போட்டு வச்சுட்டு, மூணு பேர் குளிச்சதும் கொஞ்சம் இடைவெளி விட்டு லேகியம், பட்சணம்னு முடிச்சுட்டு அடுத்த மூணு பேர் போனா சமாளிச்சுடலாம்.

அதுவே மாமனார் மாமியார் எப்படியும் டப்புக்குள்ள பக்கெட்டும் மக்கும் வச்சுத்தான் குளிப்பாங்க இல்லையா, 18 லிட்டர் பக்கெட் ரெண்டுன்னா மொத்தமே ஒன்பதரை கேலன்தான். ஆறு பேரும் பக்கெட்டுக்கு மாறினா சுடுதண்ணி தேவை 41 கேலன், 65 கேலன் டேங்க்கே போதும், கம்ப்ரெஸருக்கு அவசரமே வராது. அமெரிக்கக் கம்பெனி எதுவும் இந்த வழியை மேனுவல்ல போடலை.

டேங்க்கை 140 டிகிரில வச்சு, சுடுதண்ணி வெளில வர்ற இடத்துல பச்சைத் தண்ணி கலக்கற மிக்ஸிங் வால்வ் போட்டா அதே டேங்க்லேர்ந்து இன்னும் அதிக தண்ணி எடுக்கலாம். வால்வ் இல்லாம 140ல வைக்காதீங்க, குழந்தை, வயசானவங்க இருக்கற வீடு, சில நொடில தோல் வெந்துடும். வால்வ் இல்லன்னா 120 போதும்.

பெட்ரூம் சுவருக்குப் பின்னாடிதான் எங்க கராஜ். சத்தம் எப்படி?
— வாசகர், ஆஸ்டின், டெக்ஸஸ்

45லேர்ந்து 55 டெசிபல், ஃபேன் ஓடற உறுமல். பகல்ல தெரியாது. ராத்திரி, தூக்கம் லேசா இருக்கறவங்களுக்கு சுவர் வழியா அதிர்வு வரும், அடியில ரப்பர் பேட் போடச் சொல்லுங்க, பைப்பை சுவருக்குள்ள இருக்கற மரச்சட்டத்துல (ஸ்டட்) இறுக்கிக் கட்டாம இருக்கச் சொல்லுங்க, டைமர்ல ராத்திரி 10க்கு மேல ஓடாதன்னு வச்சுடுங்க.

எங்க வீடு 1960கள்ல கட்டினது, 100 ஆம்ப் பேனல், ஒரு ஸ்லாட் கூட காலி இல்ல. கார் சார்ஜரும் போட்டாச்சு. பேனல் அப்கிரேட் பண்ணாம ஹீட் பம்ப் போட வழி இருக்கா?
— வாசகி, சேக்ரமெண்டோ, கலிஃபோர்னியா

இருக்கு. 2022ல ரீம் கம்பெனி சாதாரண 120 வோல்ட் பிளக்ல சொருகற மாடலை மார்க்கெட்ல விட்டாங்க, குறிப்பா உங்க மாதிரி கேஸ்லேர்ந்து மாறற பழைய வீட்டுக்காகத்தான். பக்கத்துல இருக்கற அவுட்லெட்லயே சொருகற வகையும் இருக்கு, தனி சர்க்யூட் கேக்கற வகையும் இருக்கு, பாத்து வாங்குங்க. அதுல பேக்கப் எலிமெண்ட் கிடையாது, கம்ப்ரெஸர் மட்டும்தான், அதனால ஒரு சைஸ் பெருசா எடுக்கணும், பெல்வியூ வாசகி வீட்டுக் கூட்டத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு பேர் இருக்கற வீட்டுக்கு, சேக்ரமெண்டோ வெயிலுக்கு, கராஜ்ல வச்சா ரொம்பப் பொருத்தம். பேனல் மாத்தணும்னு யாராவது உடனே சொன்னா, அதுக்கு முன்னாடி லோட் கால்குலேஷன் (வீட்டோட மொத்த கரண்ட் தேவைக் கணக்கு) போட்டுக் காட்டச் சொல்லுங்க, பேனல் செலவு சில ஆயிரம் டாலர், சமயத்துல யுடிலிட்டி ஒயரையும் மாத்தச் சொல்லி மாசக்கணக்குல இழுத்துடும். கார் சார்ஜரையும் ஹீட்டரையும் மாத்தி மாத்தி ஓட விடற சின்ன கண்ட்ரோலரும் கிடைக்குது, எலக்ட்ரீஷியன் கிட்ட கேளுங்க.

எங்க பக்கம் வாட்டர் ஹீட்டரை அட்டிக்ல தூக்கி வச்சிருக்காங்க. அங்கயே ஹீட் பம்ப் வைக்கலாமா?
— வாசகர், கேட்டி, டெக்ஸஸ்

சூடான அட்டிக் ஹீட் பம்ப்புக்குக் கொண்டாட்டம்தான், சில மாடல் 145 டிகிரி காத்துல கூட ஓடும்னு கம்பெனியே போட்டிருக்கு. எனக்கு பயம் வேற. 50 கேலன் மெஷின் தண்ணி ரொம்பினா 600 பவுண்டு பக்கம் வரும், கேஸ் டேங்க்கை விட உயரமும் ஜாஸ்தி, கூரைச் சரிவுல இடிக்கும். தினமும் காத்துலேர்ந்து எடுக்கற ஈரம் தண்ணியா சொட்டும், ஹூஸ்டன் ஈரத்துக்கு அது கொஞ்ச நஞ்சம் இல்ல, அந்த டிரெய்ன் லைன் அடைச்சுக்கிட்டா உங்க ஹால் சீலிங்தான் முதல்ல சொல்லும். 2021 பிப்ரவரி குளிர்ல டெக்ஸஸ்ல எத்தனை வீட்டு அட்டிக் பைப் வெடிச்சுதுன்னு நீங்க பாத்திருப்பீங்க. கராஜுக்கு இறக்க முடியுமான்னு பாருங்க, பைப் மாத்தற செலவு ஆனாலும் சரி. முடியவே முடியாதுன்னா அடியில தண்ணி பிடிக்கற தட்டு, அந்தத் தட்டுக்குத் தனி டிரெய்ன், தண்ணி பட்டா சப்ளையை நிறுத்தற சென்ஸர் மூணும் இல்லாம வைக்காதீங்க.

கரண்ட் போச்சுன்னா என்ன பண்றது? எங்க பக்கம் காத்து அடிச்சாலே லைனை நிறுத்திடறாங்க.
— வாசகர், சாண்டா ரோசா, கலிஃபோர்னியா

பைலட் லைட் எரியற பழைய கேஸ் டேங்க் கரண்ட் இல்லாமலே ஓடும், இது ஓடாது, அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா டேங்க் நல்லா இன்சுலேட் ஆனது, கரண்ட் போறப்போ சூடா இருந்தா ஒரு நாள் வரைக்கும் குளிக்கற சூடு நிக்கும், பாத்து செலவழிக்கணும். டேங்க்லெஸ் கேஸ் வச்சிருக்கறவங்க நாம தப்பிச்சோம்னு நினைக்காதீங்க, அதோட ஃபேனுக்கும் போர்டுக்கும் கரண்ட் வேணும். வீட்ல பேட்டரி இருந்தா ஹீட் பம்ப் கம்ப்ரெஸர் 500 வாட் பக்கம்தான் இழுக்கும், பேட்டரி தாங்கும், எலிமெண்ட் 4,500 வாட், அதை ஓட விடாதீங்க, ஹீட் பம்ப் ஒன்லி மோடுக்கு மாத்திடுங்க.

கோயம்புத்தூர்ல அம்மா அப்பா ரெண்டு பேர் மட்டும் தனி வீட்ல இருக்காங்க. அங்கயும் ஹீட் பம்ப் விக்கறாங்களாம், வாங்கிப் போடலாமா?
— வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

வேணாம் தம்பி. அங்க குழாய்ல வர்ற தண்ணியே பாதி சூடு, ரெண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு பக்கெட் வெந்நீர், அதுக்கு இவ்ளோ பெரிய மெஷின் எதுக்கு. வீட்டு கரண்ட்ல கொஞ்ச யூனிட் இலவசமா வேற வருது. சின்ன கீசர் போதும், மொட்டை மாடில வெயில் விழுந்தா சோலார் வாட்டர் ஹீட்டர் அதை விட நல்லது. ஊட்டில இருக்கற வீடு, பத்து பேர் கூட்டுக் குடும்பம்னா வேற பதில் சொல்லியிருப்பேன்.

போன மாசம்தான் மாட்டினோம். இனி என்னென்ன பாத்துக்கணும்? பிளம்பர் ஒன்னுமே சொல்லாம போயிட்டார்.
— வாசகி, ராக்வில், மேரிலாந்து

மேல காத்து இழுக்கற இடத்துல ஒரு ஃபில்டர் இருக்கும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கழுவிப் போடுங்க, அதே ரூம்ல டிரையர் இருந்தா பஞ்சு சீக்கிரம் அடைக்கும். தண்ணி சொட்டற டியூப் வழியா ஒழுங்கா போகுதான்னு பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் வினிகர் ஊத்தி விடுங்க. மெஷின் எந்த மோடுல இருக்குன்னு இன்னைக்கே போய்ப் பாருங்க, மாட்டினவர் டெஸ்ட் பண்ணறதுக்காக எலக்ட்ரிக் மோடுல போட்டுட்டு அப்படியே விட்டுட்டுப் போறது சகஜம், அப்படி இருந்தா ஹீட் பம்ப் காசு கொடுத்து சாதாரண ஹீட்டர் ஓட்டறீங்க. க்ளோசெட்டுக்குள்ள வச்சிருந்தா கதவு லூவர் (காத்து போற இடைவெளி) வச்சதா இருக்கணும், சாதாரண மூடின கதவுன்னா உள்ள இருக்கற காத்தையே திரும்பத் திரும்பக் குளிர வச்சு, கடைசில எலிமெண்ட்தான் வேலை செய்யும். வருஷம் ஒரு தடவை அடில ஒரு பக்கெட் தண்ணி திறந்து விட்டு வண்டலை எடுங்க. ஆனோட் ராடுன்னு ஒன்னு டேங்க் துருப்பிடிக்காம தான் கரைஞ்சுக்கிட்டு இருக்கும், மூணு நாலு வருஷம் கழிச்சு அதைப் பாக்கச் சொல்லுங்க. பெர்மிட் எடுத்தாரா, இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதான்னு அந்த பிளம்பருக்கு இன்னைக்கே ஒரு போன் போட்டுடுங்க, ரிபேட்டுக்கு அப்ளை பண்றப்போ அந்தப் பேப்பரைத்தான் முதல்ல கேப்பாங்க.